ஒன்பது பேருக்கான குளிர்

பத்து ஐம்பதுக்குக் கதவின் மேலிருந்த திரையில் ஒன்பது முகங்கள் வந்தன. நான்காவது முகம் மிதுன்.

"வந்துட்டாருய்யா நம்ம நிரந்தர உறுப்பினரு!" என்றாள் ஷகிலா. அவள் முகம் ஏழாவதாக இருந்தது. "மாப்ள, வெளிய உனக்குன்னு ஒரு கட்டலு போட்டுப் பேரெழுதி வெச்சர்லாம்."

"கட்டலு எதுக்குங்கக்கா? தோசைக்கல்லு போதும்" என்றான் மிதுன். சிரித்ததில் அவனுடைய கீழுதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

அவன் மனைவி ரித்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொடர்ந்து ஆறாவது நாளாக அவன் முகம் அந்தத் திரையில் வருகிறது. காலையில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவன், யாருக்கும் கேட்காத குரலில், "காப்பித்தண்ணி நெறத்துல போவுது, புள்ள" என்று சொல்லியிருந்தான். கூடத்து நர்ஸ் அவன் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு ரித்திகாவைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: இப்படியே இன்னும் இரண்டு நாள் போனால் கிட்னி நின்றுவிடும்.

"இன்னிக்கு ஒரு நாளு. நாளைக்கு வேற யாரையாச்சும் எடுத்துக்கும்" என்றான் மிதுன்.

"போன அஞ்சு நாளும் இதையேதான் சொன்னீங்க, மாமா."

"அப்பப் பழகியிருக்கோணுமே? மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

வெள்ளக்கரடு குளிர்கூடத்தில் பெயர் பதிந்தவர்கள் முந்நூற்று ஒன்பது பேர். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை வெளியே ஐம்பத்திரண்டு டிகிரி. அந்த நேரத்தில் வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. இருக்கிற மின்சாரம் அத்தனையும் கூடங்களுக்குப் போய்விடும். மனிதர்களும் பின்னாலேயே போய்விட வேண்டும். இந்தக் கூடத்தின் குளிர் முந்நூறு பேருக்குத்தான் போதும் என்று நிழல் வாரியம் அளந்து சொல்லியிருந்தது. மீதி ஒன்பது பேருக்கான குளிர் ஒரு குழாய் வழியாக மாடிக்கு ஏறியது. அங்கே இயந்திர அறையில், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பின் மேல் அது நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது பேர் யார் என்பதையும் இயந்திரமே சொல்லும். கதவிலும் உள்ளே சுவர்களிலும் இருக்கும் கேமராக்கள் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும். முகத்தில் ஓடும் நாடியை எண்ணும், நடையைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு 'தாங்கும் எண்' போடும். யார் வெயிலைத் தாங்குவார்களோ அவர்கள் வெளியே, பந்தலில், ஈரச்சாக்கோடு. நேற்று வெளியே இருந்து பிழைத்தவன் இன்றும் பிழைப்பான் என்பது அதன் கணக்கு. அதனால் பிழைக்கப் பிழைக்க மிதுனின் எண் கூடிக்கொண்டே போனது.

கதவுக்காரன் பிரவீன் ஒன்பது பேரையும் எண்ணி அனுப்பிவிட்டு ரப்பர் விளிம்பு பதியக் கதவை அழுத்திச் சாத்தினான்.

"அக்கா, மேல போயி ஏதாச்சும் பண்ணுங்க" என்றான் ரித்திகாவிடம், அவள் முகத்தைப் பார்க்காமலேயே.

ரித்திகாதான் கூடத்தின் மெக்கானிக்.

அவள் மாடி அறைக்குப் போனபோது சிறு திரையில் தொண்ணூற்றேழு என்று இருந்தது. சிப்பின் சூடு. நூற்றைந்தைத் தொட்டால் மதர்போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அது அணைந்தால் கம்ப்ரஸர்கள் நிற்கும். மறுபடி கிளம்ப நாற்பது நிமிடம் ஆகும். கூடம் திறந்த முதல் கோடையில் ஒரு பிற்பகல் அப்படித்தான் நின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு கைக்குழந்தைகள் செத்தன. ஊர் அதை மறக்கவில்லை. அந்தச் சூட்டு எண் இப்போது கீழே கதவுத் திரையின் மூலையிலும் ஓடும். சாமி படத்தைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

விடியற்காலையில் இயந்திரம் ஓய்வில் இருந்தபோது அவள் சிப்பின் மேலிருந்த ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை தடவியிருந்தாள். செம்புத் தகடு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தாள். பழைய மெஷின்களிலிருந்து எடுத்த இரண்டு ஃபேன்களைக் கூடுதலாகப் பொருத்தியிருந்தாள். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் சொட்ட விட்டிருந்தாள். இத்தனையும் செய்து இரண்டு டிகிரிதான் குறைந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்த இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

வாரியத்துக்குப் போன் போட்டாள். சென்னையிலிருந்து பேசிய அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

"மேடம், உங்க ஊர் மட்டும் இல்ல. நூத்திநாப்பது கூடம் இதே போர்டுலதான் ஓடுது."

"சார், இது முப்பத்தஞ்சு டிகிரி ஊருக்குச் செஞ்சதுங்க. பெட்டி மேலயே போட்டிருக்குதுங்க."

"தெரியும் மேடம். புது போர்டுக்கு டெண்டர் விட்டிருக்கு. ரெண்டு வருஷத்துல வந்துரும்."

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளுதானுங்க இருக்குது."

"பட்டியல்ல நாங்க கை வைக்க முடியாது மேடம். யாராவது ஒருத்தருக்கு வச்சா எல்லாருக்கும் வைக்கணும்" என்றார். போனை வைக்குமுன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சென்சாரை மட்டும் தொட்டுராதீங்க."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கைவந்த வேலை அது. ஃபிரிட்ஜோ இன்வெர்ட்டரோ சூடு தாங்காமல் அணைந்து அணைந்து போனால், சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவார்கள். மெஷின் தான் ஊட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். போன வருடம் கூனம்பாளையம் கூடத்தில் ஒருத்தன் அந்த வேலையைப் பார்த்தான். போர்டுக்குக் கடைசிவரை தான் எரிவது தெரியவில்லை. மூன்று மணிக்குத் தீப்பிடித்தது. அங்கே உள்ளே இருந்தவர்கள் இருநூற்று அறுபது பேர்.

படியில் காலடிச் சத்தம். கூடத்துத் தலைவர் சதீஷ்குமார் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அறுபத்து நான்கு வயது. இதயத்தில் மூன்று ஸ்டென்ட். மறு கையில் ஒரு டம்ளர் மோர்.

"குடி, அம்மிணி. எத்தன ஓடுது?"

"தொண்ணூத்தெட்டுங்க, பெரீப்பா."

"நானும் தெனமும் அந்தக் கேமரா முன்னாடி போயி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறேன். என்னைய எடுக்க மாட்டீங்குது. ஒரு நாளு எடுத்துச்சுன்னா மிதுனு உள்ள வந்துக்குவான்."

அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவருடைய ஒரே மகள் ஆதினி, இருபத்து மூன்று வயது, இரண்டாவது கோடையில் பந்தலில் இறந்தாள். பட்டியல் வந்தபின் வெளியே இறந்த முதல் ஆள் அவள்தான். கதவுக்கு வலப்பக்கம் அவளுக்கு வீரக்கல் நட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஊரைக் காத்துச் செத்தவனுக்கு நட்டதைப் போல. இப்போது அங்கே பதினொரு கல் இருந்தது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அவற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நுழைவார்கள்.

ரித்திகா மோரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பழுது பிடிபடாத மெஷின் வந்தால், அதை வைத்திருப்பவரிடம் அவள் அதன் பழைய கதையைக் கேட்பாள்.

"பெரீப்பா, மொதக் கோடையில நான் இங்க இல்லீங்க. அப்ப எத்தன பேரு வெளிய இருந்தீங்க?"

"அந்தக் கொழந்தைங்க போனதுக்கப்பறம்தான் குழாயே போட்டாங்க. அப்ப ஒரே ஆளு. கெணத்துத் தண்ணிக்கு மொறை வெக்கற மாதிரி வீட்டுக்கு ஒரு நாளுன்னு வெச்சுக்கிட்டோம்."

"அப்பறம் ஏன் விட்டுப்போட்டீங்க?"

"நம்ம சனத்தப் பத்தித் தெரியாதா? ஒருத்தன் தன்னோட மொறையில கூலிக்கு வடக்கத்தி ஆள நிறுத்துனான். இன்னொருத்தன் மொறை வர்ற அன்னிக்கெல்லாம் ஒறம்பரை வூட்டுக் கண்ணாலம்னு கெளம்பிப் போயிருவான். பங்காளிக்குள்ள வெட்டுக்குத்தே வந்துருச்சு. மெசினே சொல்லட்டும், அதுக்கு மாமன் மச்சான் இல்லைன்னு வாரியத்துல எழுதிக் கேட்டு வாங்குனோம். அது வந்த வருசம் மூணு பேரு."

"மூணா?"

"வெய்யலு ஏறிப்போச்சு, மூணு பேருக்கான குளிரு வேணும்னாங்க." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அதுலயும் தில்லாலங்கடி. காத்தால கேமராவுக்கு வர்றதுக்கு முன்னால நாலு தடவ ஓடிப்போட்டு வருவாங்க, நாடி எகிறட்டும்னு. கண்ணுல தைலம் தேச்சுக்குவாங்க. அதுக்குத்தான் நாளு பூரா, நொடிக்கு நொடி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கோணும்னு கூட்டத்துல தீர்மானம் போட்டது. நீ வந்த வருசம். அத ஆன் பண்ணுனதே நீதானே, கண்ணு."

"ஆமாங்க."

"அந்த வருசந்தான் ஒம்பதாச்சு."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒன்று. மூன்று. ஒன்பது.

வெயில் மூன்று வருடத்தில் ஒரு டிகிரிதான் ஏறியிருந்தது. ரித்திகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இரும்பு தெரியும், செம்பு தெரியும், பசை தெரியும். சிப்புக்கு வெளியே இருப்பதையெல்லாம் இரண்டு வருடமாகத் துடைத்துக்கொண்டிருந்தவள், உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. நொடிக்கு நொடி பார்ப்பதைப் பட்டியலில் சேர்க்க வந்த வாரியத்து ஆள், "இது கொசு கனம்தான், போர்டுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

திறந்து பார்த்தாள்.

கம்ப்ரஸர்களையும் வால்வுகளையும் ஓட்டுவதற்குச் சிப்பின் உழைப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு போயிற்று. பட்டியலுக்கு எண்பத்தொன்று.

அவள் அந்த எண்ணை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் எண்பத்தொன்றாகவே இருந்தது. பிறகு, ஒரு மணி நாற்பதுக்கு, பட்டியலை நிறுத்தினாள்.

தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றைந்து. எண்பத்தெட்டு. அவள் பார்க்கப் பார்க்க எண் சரிந்தது. பத்து நிமிடத்தில் அறுபத்து மூன்று. குளிர் வரும் குழாயைத் திருகி மூடினாள். சூடு மெல்ல ஏறியது: எழுபது, எழுபத்தைந்து, எழுபத்தொன்பது. அங்கே நின்றுவிட்டது. முதல் கோடையில் சிப்புக்குத் தேவைப்பட்ட அந்த ஒரே ஒரு ஆளின் குளிருக்கு, அவள் பொருத்திய செம்புத் தகடும் இரண்டு ஃபேன்களும் ஈடுகட்டிவிட்டன.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

"பிரவீனு, கதவத் தொற!"

"அக்கா, என்னக்கா? மணி ரெண்டு!"

"தொறடா!"

கதவு திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் காற்று முகத்தில் அறைந்தது. பந்தலில் ஏழு பேர் ஈரச்சாக்குக்குள் சுருண்டு கிடந்தார்கள். மிதுன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தான். ஷகிலா அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அரை மணியாக் கூப்பிடறேன், ஒரு கழுதைக்குங் காது கேக்கலையா? இவனுக்கு வேர்வையே நின்னுபோச்சு. தூக்குங்கடா!"

ஒன்பது பேரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கூடத்துக்குள் கூச்சல் கிளம்பியது. "கதவ மூடுங்க! சூடாயிரும்!" "ஒம்பது பேரு சேந்தா கூடம் தாங்காது!" "அந்தப் புள்ளைக்கு என்ன, புருசன்னதும் புத்தி பேதலிச்சுப்போச்சா?"

"அத்தன பேரும் அதப் பாருங்க" என்றாள் ரித்திகா, சுவரில் இருந்த வெப்பமானியைக் காட்டி.

இருபத்தொன்பது. ஐந்து நிமிடம் கழித்தும் இருபத்தொன்பது. பத்து நிமிடம் கழித்தும் அதுவே. திரையின் மூலையில் சிப்பின் சூடு எழுபத்தொன்பதில் நின்றிருந்தது. அந்த எண்ணை அந்த ஊர் அத்தனை கீழே பார்த்ததே இல்லை. நர்ஸ் மிதுனின் கையில் குளுக்கோஸ் ஏற்றினாள். அவன் கண் திறந்து மூடினான்.

"என்ன அம்மிணி பண்ணுன?" என்று கேட்டார் சதீஷ்குமார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

எந்த வீட்டு மெஷினைச் சரிசெய்தாலும் மூடியைப் பூட்டும் முன்னால் என்ன பழுது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது ரித்திகாவின் பழக்கம். அவள் சொன்னாள்.

"பழுது சிப்புல இல்லீங்க. பட்டியல்ல. நம்ம முந்நூத்தியொம்பது பேரு மொகத்தையும் நொடிக்கு நொடி பாத்து, யார வெளிய தள்ளலாம்னு கணக்குப் போட்டுப் போட்டுத்தான் அது கொதிக்குது. அது கொதிக்குதுன்னுதான் நம்ம ஒம்பது பேர வெளிய தள்ளிக்கிட்டு இருந்திருக்கறோம். பட்டியல நிறுத்திப்போட்டேன். யாரும் வெளிய போக வேண்டியதில்லீங்க. போயிருக்கவே வேண்டியதில்லீங்க."

கைதட்டல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ.

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த புவனா எழுந்து நின்றாள். அவள் புருஷன் போன மாதம் பந்தலில் இறந்தவன். பதினோராவது கல்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு?"

ரித்திகா அவள் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. அவரு எதுக்குச் செத்தாரு?"

"எனக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. முன்னாலயே..."

"நாலாவது நாளு போவும்போது, போவாதீங்கன்னு கால்ல விழுந்தேன். உள்ள எரநூறு பொம்பளைங்களும் கொழந்தைகளும் இருக்கறாங்க, புவனான்னு சொல்லிப்போட்டுப் போனாரு. என்ற ரெண்டு புள்ளைங்க தெனமும் அந்தக் கல்லுக்குப் பூ வெக்கறாங்க. நீ என்ன சொல்ற? அவங்கப்பன் ஒண்ணுமில்லாததுக்குச் செத்தான்னு போயிச் சொல்லச் சொல்றியா?"

அவள் அழவில்லை. கல் நட்ட பதினொரு வீட்டாரும் ஒருவர் ஒருவராக எழுந்து நின்றார்கள். யாரும் ரித்திகாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

"அம்மிணி" என்றார் சதீஷ்குமார். முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நீ பாத்தது ஒரு மணி நேரக் கணக்கு. அக்கினி நட்சத்திரம் உச்சத்துல இருக்கறப்ப, ஐம்பத்தஞ்சு போறப்ப, பட்டியல் இல்லாம இது நிக்குமா? அணையவே அணையாதுன்னு உன்னால எழுதிக் குடுக்க முடியுமா?"

முடியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு நிக்குமுங்க" என்றாள்.

"அப்ப ரெண்டு?"

"மெசின நம்பி முழுசா யாரும் சொல்ல முடியாதுங்க."

"அந்த ரெண்டுக்காகத்தான் என்ற புள்ள போனா" என்றார் அவர். "அந்த ரெண்டு இல்லைன்னா அவ போயிருக்க மாட்டா. முந்நூறு பேரு மூச்சு விடறது என்ற ஆதினியாலன்னு நெனச்சுத்தான் நான் தெனமும் சோத்துல கை வெக்கறேன்."

ஷகிலா தண்ணீர்க் குவளையைத் தரையில் ஓங்கி வைத்தாள். "ஏனுங்க, செத்தவிய மனசு கோணக் கூடாதுன்னு உசுரோட இருக்கறவனத் தெனமும் ஒம்பது பேரச் சுட்டுத் திங்கலாமா? எந்தூரு நாயமுங்க இது?"

"நீ உள்ளுக்கு வந்துட்ட. பேசுவ" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாளைக்கு நீ வெளிய வாடா, பேசிப் பாக்கலாம்!"

ஐந்து மணிக்கு, கலையும் முன், தலைவர் ஓட்டுக்கு விட்டார். பட்டியல் வேண்டும் என்பவர்கள் கை தூக்கட்டும். முதலில் அந்தப் பதினொரு வீடும் தூக்கியது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் தூக்கவில்லை. பிறகு இரண்டு கோடையாக ஒருநாள்கூடத் திரையில் வராதவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பட்டியல் பொய் என்றால் இத்தனை நாளும் தாங்கள் எதன்மேல் உட்கார்ந்து குளிர் காய்ந்தோம் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும். கை தூக்குவது அதைவிடச் சுலபம். பிரவீன் எண்ணினான். இருநூற்று நாற்பத்தேழு.

ஓட்டு மட்டும்தான் என்றால் அவள் மாட்டேன் என்றிருப்பாள். தலைவர் தன் போனை அவளிடம் நீட்டினார். வாரியத்திலிருந்து தானாக வந்த செய்தி: 'தேர்வு முறை அனுமதியின்றி நிறுத்தப்பட்டுள்ளது. நாளை காலை பத்து மணிக்குள் மீண்டும் இயங்காவிட்டால் கூடம் பூட்டி முத்திரையிடப்படும்.'

"பூட்டுனாங்கன்னா முந்நூத்தியொம்பது பேரும் பந்தலுக்குத்தான் போவோணும். உன்னையக் கையெடுத்துக் கும்பிடறேன், கண்ணு" என்றார் சதீஷ்குமார். உண்மையாகவே கும்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் மாடிக்குப் போய்ப் பட்டியலை ஓட விட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் நொடிக்கு நொடி பார்க்கும்படி அதை முதன்முதலில் ஓட விட்டதும் அவள் கைதான். குழாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் கை சுட்டது.

மறுநாள் பத்து ஐம்பது.

முதல் முகமே மிதுன். சாகிற நிலைக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரே ராத்திரியில் எழுந்து நடக்கிறவனைவிட வெயிலைத் தாங்குபவன் யார் இருக்க முடியும்? ஷகிலா இன்று இல்லை. அவள் நாடி விழுந்திருந்தது. வாசலில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் போறேன். அவருக்குப் பதிலா நான் போறேன்" என்றாள் ரித்திகா.

"பட்டியல் ஓடறப்ப மொகம் மாறுனா கதவே தொறக்காதுங்கக்கா" என்றான் பிரவீன். "அன்னிக்கு வடக்கத்தி ஆள நிறுத்துனாங்கல்ல, அதுக்கு அப்பறம் வெச்சது. உங்களுக்கே தெரியும்."

மிதுன் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் போட முயன்றான். கால் வீங்கியிருந்ததால் நுழையவில்லை. ரித்திகா குனிந்து வாரை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். நிமிரும்போது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கோபமில்லை. ராத்திரி முழுக்க எதையோ யோசித்து முடித்தவன் மாதிரி இருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா, புள்ள?"

"சொல்லுங்க, மாமா."

"நேத்து நீ பட்டியல்னு ஏன் சொன்ன? பசைய மாத்துனேன், சரியாயிருச்சுன்னு ஒரு பொய்யச் சொல்லிருக்கலாம்ல? கீழ அந்த எண்ணு எறங்குனத அத்தன பேரும் பாத்தாங்க. சாமியக் கும்பிட்டுப்போட்டு உள்ளயே உக்காந்திருப்பாங்க. புவனாவுக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. வாரியத்துக்கும் நீ ஏதாச்சும் ஒரு காரணம் எழுதியிருப்ப."

அவள் மறுபடி குனிந்து மறு செருப்பின் வாரை அவிழ்த்தாள்.

"சும்மா தோணுச்சு, கேட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றான். மற்ற எட்டுப் பேருக்குப் பின்னால் ஈரச்சாக்கை இழுத்துக்கொண்டு வெளியே போனான்.

ரித்திகா கதவருகே நின்று, உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தாள்.

பசைய மாத்துனேன், சரியாயிருச்சு.

மூன்றே வார்த்தை. பிரவீன் கதவை அழுத்திச் சாத்தினான்.